அரசே சரியாக இல்லாத நாட்டில் குழந்தைத் தொழில் ஒழிப்புத் திட்டம்: பணம் வீணா?

வழிப்போக்கன்:
2025க்குள் உலகில் குழந்தைத் தொழிலே இருக்கக்கூடாது என்று ஐ.நா. இலக்கு வைத்திருந்தது. அந்த ஆண்டு ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பும் வெளியிட்ட கணக்கில் இன்னும் சுமார் 13.8 கோடிப் பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள். அதில் 8.7 கோடி சஹாராவுக்குத் தெற்கே. காங்கோ, சோமாலியா, ஏமன், ஆப்கானிஸ்தான் மாதிரி நாடுகளில் இரண்டு மூன்று வருடத் திட்டங்களைக் கொண்டுபோய்க் கொட்டுவது வீண் என்பது என் கட்சி. சட்டத்துக்குக் குறைவே இல்லை. மிக மோசமான வேலைகளைத் தடை செய்யும் 182ஆம் உடன்படிக்கையை ஐ.எல்.ஓ.வின் 187 உறுப்பு நாடுகளும் 2020க்குள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா? முதலில் சண்டை நிற்கட்டும், ஒரு நிர்வாகம் வரட்டும். அப்புறம் திட்டம்.

ஆற்றுமணல்:
சண்டை நிற்பதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். கிழக்குக் காங்கோவில் 1990களிலிருந்து ஓய்ந்தபாடில்லை. அதோடு, ஒரு நாடு முழுக்க ஒரே மாதிரி எரிவதும் இல்லை. சண்டை நடக்கும் கிழக்குக் கிவு மாகாணங்களுக்கும், பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத் தாதுவைத் தோண்டும் தெற்குக் காங்கோவின் கோல்வேசிக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

கோல்வேசி பக்கம் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் குழிக்குள் இறங்குவார்கள். பிள்ளைகள் வெளியே கழிவுக் குவியலில் தாதுக்கல்லைப் பொறுக்கி, ஓடையில் கழுவி, சலித்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் சுமந்துபோவார்கள். தராசு அவருடையது, தரம் பார்க்கும் கருவியும் அவருடையது. அவர் சொன்னதுதான் எடை, அவர் வைத்ததுதான் விலை. இந்தக் கொள்முதல் கடையோடும் குடும்பத்தோடும் வேலை செய்ய முழு அரசாங்கம் வந்து இறங்கவேண்டியதில்லை.

வழிப்போக்கன்:
பேசினால் கடைக்காரர் பிள்ளைகளை விரட்டிவிடுவார், அவ்வளவுதான். வங்கதேசம் ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்காவில் ஹார்கின் மசோதா வந்ததும் 1993 வாக்கில் ஆடை ஆலைகள் பயந்துபோய் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பின. நிறையப் பேர் கல் உடைக்கவும் தெருவுக்கும் போனார்கள். ஓரளவு நிர்வாகம் இருந்த நாட்டிலேயே இந்தக் கதி.

ஆற்றுமணல்:
கதையில் பாதியை விட்டுவிட்டீர்களே நண்பரே. 1995இல் ஆலை முதலாளிகள் சங்கம், ஐ.எல்.ஓ., யுனிசெஃப் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளியில் இடம் தயாரான பிறகே பிள்ளையை வேலையிலிருந்து எடுப்பது, வீட்டுக்கு மாதம் கொஞ்சம் உதவித்தொகை. வரிசையை மாற்றியதுமே விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. நான் சொல்வதும் இந்த வரிசையைத்தான்.

கணக்குப்பிள்ளை:
இந்தத் திட்ட அறிக்கைகளை வாசித்துக் கண் பூத்தவன் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். கோளாறு நாட்டில் மட்டும் இல்லை, அறிக்கைப் படிவத்தில் எண் நிரப்பும் கட்டத்திலும் இருக்கிறது. 'மீட்கப்பட்ட பிள்ளைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பை, சீருடை, கட்டணம் கொடுத்தாகிவிட்டதா? ஒரு எண்ணிக்கை கூடியது. அதே பிள்ளை சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாம் ஓடையில் நிற்கும். காங்கோவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே விடுமுறை நாளில் 10-12 மணி நேரம் உழைப்பதை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி 2016இலேயே எழுதியது. அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்தது வாத்தியார். ஏமனில் 2016 கடைசியிலிருந்து பெரும்பாலான ஆசிரியர்களுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. வாத்தியார் வராத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி என்ன பயன்? திட்டப் பணத்தில் பெஞ்சு வாங்கலாம், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாம். சம்பளம் என்றால் 'தொடர் செலவு, அரசின் பொறுப்பு' என்று நன்கொடையாளர் பேனாவை மூடிவிடுவார். ஆனால் யுனிசெஃப் 2019இல் ஏமன் ஆசிரியர்களுக்கு மாதம் சுமார் 50 டாலர் ஊக்கத்தொகை கொடுத்ததே! மனம் இருந்தால் வழி இருக்கிறது.

வழிப்போக்கன்:
சரி, கொடுத்தார்கள். நிறுத்தினால்? 2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளிநாடுகளில் நடந்த இத்தகைய திட்டங்களுக்கான மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்ததைப் பார்த்தோம். நடுவழியில் இறக்கிவிடப்படும் பிள்ளைக்கு யார் பதில்?

ஆற்றுமணல்:
அது நிதி கொடுப்பவரின் நிலையாமை. அதற்கு அந்த நாட்டுப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஆப்கானிஸ்தான் செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சூளை ஓடாது. சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் குடும்பம் முன்பணம் வாங்கும். வசந்தத்தில் அந்தக் கடனைக் கழிக்கப் பிள்ளையும் சேர்ந்து கல் அறுக்கும். கழிவதற்குள் அடுத்த குளிர். இங்கே சீருடை கொடுப்பவர் வேலையே புரியாதவர். குளிர் தொடங்கும்போது வீட்டுக்கு ரொக்கம் போகவேண்டும். வங்கி படுத்துவிட்டால், வங்கி இல்லாமல் கைமாற்றாகப் பணம் சேர்க்கும் ஹவாலாக்காரர் இருக்கிறார், உதவி அமைப்புகள் அங்கே அந்த வழியில் ஏற்கெனவே பணம் அனுப்புகின்றன.

வழிப்போக்கன்:
புதுக் கடன் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். பழைய கடன்? சூளைக்காரர் நோட்டில் இருப்பதைத் தள்ளுபடி செய்ய ஒரு அதிகாரி வேண்டாமா? என் கட்சி அங்கேதான் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதிகாரி இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசலாம். ஆனால் சூளைக்காரரே அந்தச் சபையில் ஒருவராக இருப்பார். அதற்குப் பதில் வைத்திருப்பவர் யாராவது எழுதுங்கள்.