பிசி ஆப்டிமம் பாயிண்டையும் கூப்பனையும் ஒரே பில்லுல போடலாமா?

ஸ்கார்பரோ_புதுசு:

வணக்கம். நாங்க கனடா வந்து எட்டு மாசம் ஆச்சு, பையனுக்கு இப்போ அஞ்சு மாசம், டயப்பர், வெட் வைப்ஸ், துணி துவைக்கிற லிக்விட்னு மாசாமாசம் காசு கரையுது. ஷாப்பர்ஸ் மருந்துக் கடையிலயும் நோ ஃப்ரில்ஸ் மளிகைக் கடையிலயும் வாங்கி வாங்கி பிசி ஆப்டிமம் பாயிண்ட் கார்டுல 62,000 பாயிண்ட் சேர்ந்திருக்கு, 10,000க்கு 10 டாலர் கணக்கு, அப்போ 60 டாலர் எடுக்கலாம். இது போக சாமான் தயாரிக்கிற கம்பெனி குடுத்த கூப்பன் ரெண்டு இருக்கு, லிக்விடுக்கு 3 டாலர், டயப்பருக்கு 2 டாலர்.

இந்த சனிக்கிழமை ஷாப்பர்ஸ்ல 75 டாலருக்கு மேல வாங்கினா 20 மடங்கு பாயிண்ட்னு ஆப்ல ஆஃபர் வந்திருக்கு. என் யோசனை, அன்னிக்கே 100 டாலருக்கு சாமான் எடுத்து, 60 டாலரை பாயிண்ட்ல கழிச்சு, கூப்பனையும் குடுத்து, மிச்சத்துக்கு காசு கட்டி 20 மடங்கையும் வாங்கிடலாம்னு. வீட்ல "எல்லாம் ஒண்ணா நடக்காது, தெரிஞ்சவங்கள கேட்டுட்டு போங்க"ன்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மால்வர்ன்_அக்கா:

தம்பி, உங்கட மனிசி சொல்லுறது சரி. கூப்பனில பிரச்சினை இல்லை, கம்பனிக் கூப்பனையும் பொயின்ட்ஸையும் ஒரே பில்லில பாவிக்கலாம், ஒரு சாமானுக்கு ஒரு கூப்பன் எண்டு பெரும்பாலும் அதிலயே எழுதியிருக்கும், அவ்வளவுதான். பிழைக்கிறது நீங்கள் பொயின்ட்ஸ் எடுக்கப்போற நாள்.

அந்த 75 டொலர் எண்டது வரிக்கு முந்தின தொகை, அதோட கழிவும் நீங்கள் எடுக்கிற பொயின்ட்ஸும் போய் மிஞ்சுறது. 100ல 60 எடுத்தா மிச்சம் 40, 20 மடங்கு கிடைக்காது. ஷொப்பர்ஸில வழமையா 1 டொலருக்கு 15 பொயின்ட்ஸ், 40க்கு 600, அது 60 சதம் பெறும். அதே 100ஐயும் காசாக் கட்டினா 100க்கு 1,500, அதை 20ஆல பெருக்கினா 30,000, 30 டொலர்! உங்கட 60 டொலர் பொயின்ட்ஸ் அப்பிடியே இருக்கும், அதுக்கு மேல 30 வரும். 20 டொலர் மட்டும் எடுத்து 80 கட்டினாலும் 24,000தான், 6 டொலர் நட்டம்.

நான் 2018ல பிசி பிளஸ், ஷொப்பர்ஸ் ஒப்டிமம் எண்ட ரெண்டு பழைய பொயின்ட்ஸ் கார்ட்டையும் ஒரே கார்ட்டாக்கின நாளில இருந்து பாக்கிறன், சேக்கிற நாளும் எடுக்கிற நாளும் வேற வேறயா வச்சாத்தான் உருப்படியா ஏதும் கையில வரும். இடைக்கிடை ஷொப்பர்ஸில பொயின்ட்ஸ் எடுக்கிறதுக்கெண்டே ஒரு சனி ஞாயிறு போடுவினம், அண்டைக்கு கூடுதலா எடுத்தா வழமையை விட கூடக் கழிப்பினம், அதுக்கு உங்கட 62,000ஐ வச்சிருங்கோ.

இன்னொண்டு, சரியா 75ல நிக்காதேங்கோ. ஒருக்கா நான் 78 எண்டு நினைச்சுக் கட்டினன், அதுக்குள்ள ஒரு கிஃப்ட் கார்ட் இருந்தது, அது கணக்கில சேராது, லொட்டரியும் மருந்துச் சீட்டுக்கு எடுக்கிற மருந்தும் அப்பிடித்தான். ஆப்பில ஆஃபர லோட் பண்ணச் சொல்லியிருந்தா கடைக்குள்ள போக முன்னமே பண்ணிப்போடுங்கோ.

ஸ்கார்பரோ_புதுசு:

அக்கா ரொம்ப நன்றி, நல்லவேளை கேட்டேன். இன்னொரு சந்தேகம். போன மாசம் ஒரு கடையில 12 டாலர் லிக்விடுக்கு 3 டாலர் கூப்பன் குடுத்தேன், 12 டாலருக்கே வரி போட்டு அப்புறம்தான் 3 கழிச்சாங்க. 9க்குத்தானே வரி வரணும்? கேஷியர் தப்பா போட்டாங்களா?

கணக்கெழுதுறவன்:

தப்பில்லைங்க. நான் புக் கீப்பிங் வேலைதான் பாக்கிறேன், இது அடிக்கடி வர்ற கேள்வி. கம்பெனி குடுக்கிற கூப்பன்ல கடைக்கு நஷ்டம் கிடையாது, அந்த 3 டாலரை கடை கம்பெனிகிட்ட வாங்கிக்கும், அதனால கடையைப் பொறுத்தவரை சாமான் வித்தது 12க்குத்தான், வரியும் 12க்குத்தான். ஒன்டாரியோ 13 சதவீதம் போட்டா 13.56, அதுல 3 போக 10.56. இதே அந்த கடையே தன் கையிலேர்ந்து 3 டாலர் குறைச்சு வித்தா 9க்கு வரி, 10.17. வித்தியாசம் 39 காசுதான், ஆனா பில்லு ஏன் அப்படி வருதுன்னு தெரிஞ்சா கவுன்ட்டர்ல நின்னு வாதாட வேண்டாம்.

குழந்தை டயப்பருக்கு ஒன்டாரியோல அந்த 13ல மாகாண பங்கு 8 சதவீதத்தை கவுன்ட்டர்லயே விட்டுடுவாங்க, 5 சதவீதம்தான் வரி. பில்ல ஒரு தடவை பாருங்க, 13 போட்டிருந்தா அதை மட்டும் கட்டாயம் கேளுங்க.

விலைய_முதல்ல_பாருங்க:

எல்லாரும் பாயிண்டையே பேசுறீங்க, எனக்கு இதுல ஒரு வருத்தம் இருக்கு. ஷாப்பர்ஸ்ல நிறைய சாமான் மத்த கடையை விட விலை கூட, 20 மடங்குன்னா 30 சதவீதம் திரும்ப வருதுன்னு ஓடுறோம், ஆனா ஒரு டயப்பர் பெட்டி அங்க 40, வேற கடையில 28னு வெச்சுக்கோங்க, 40ல 30 சதவீதம் 12, கழிச்சா 28, ரெண்டும் ஒண்ணுதான், ஆனா உங்க 12 டாலர் பாயிண்ட்டா மாட்டிக்கிட்டு அந்த குழுமத்து கடைகளுக்குள்ளயே சுத்தும், வாடகை கட்ட ஆகாது. ஷாப்பர்ஸ் வார ஃப்ளையர்ல (அந்த வார விலை நோட்டீஸ்) அதே டயப்பர் சேல்ல இருந்து, மேல கூப்பனும், மேல 20 மடங்கும் விழுந்தா அப்போ போய் ரெண்டு மூணு பெட்டி அள்ளுங்க, நானே அள்ளுவேன்.

எடுக்கும்போதும் ஷாப்பர்ஸ்லயே எடுக்கணும்னு இல்ல. நோ ஃப்ரில்ஸ்லயும் 10,000க்கு 10 டாலர்தான், அங்க அடுத்த கடை ஃப்ளையரை காட்டினா அந்த விலைக்கே போடுவாங்க (வால்மார்ட் 2020லயே அதை நிறுத்திட்டாங்க). குறைஞ்ச விலைக்கு காய்கறி, பால் வாங்கி அதுக்கு பாயிண்ட் குடுத்தா அது நிஜமாவே வீட்டுச் செலவுல மிச்சம்.

மால்வர்ன்_அக்கா:

விலை பாக்கச் சொல்லுறது சரிதான், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா நோ ஃப்ரில்ஸில காசு கட்டினாப்போல ஷொப்பர்ஸ் மாதிரி டொலருக்கு 15 எண்டு வராது, ஆஃபர் இருக்கிற சாமானுக்குத்தான் பொயின்ட்ஸ். அதால சேக்கிறது ஷொப்பர்ஸில, அவசரமெண்டா எடுக்கிறது நோ ஃப்ரில்ஸில, அவசரமில்லையெண்டா நான் சொன்ன அந்தக் கூடக் கழிக்கிற நாளுக்குப் பொறுக்கலாம். காலம் போட்டுதெண்டு பொயின்ட்ஸ் அழிஞ்சுபோகும் எண்டு பயப்பிடத் தேவையில்லை, ஒன்டாரியோவில 2016ல அதுக்கெதிராச் சட்டம் கொண்டு வந்திட்டினம், கணக்கை மட்டும் வருசக்கணக்காச் சும்மா விடாதேங்கோ. மனிசியிட்டயும் கார்ட் இருந்தா ஆப்பில ஒரே வீடெண்டு சேருங்கோ, ரெண்டு பேரின்ர பொயின்ட்ஸும் ஒரே இடத்தில சேரும்.

ஸ்கார்பரோ_புதுசு:

ஃப்ளையர் இப்பதான் பாத்தேன், டயப்பர் சேல்ல இருக்கு, லிக்விட் இல்ல. அதனால லிக்விட் கூப்பனை பத்திரமா வெச்சுட்டு (டிசம்பர் வரை தேதி இருக்கு), சனிக்கிழமை டயப்பர், வைப்ஸ் மட்டும், டயப்பர் கூப்பன் போக 85 டாலருக்கு, அது எல்லாம் காசு. 85க்கு 25,500 வருது, 62,000ஐ தொடல. அவங்க கார்டையும் இன்னிக்கு ராத்திரியே சேர்த்துடறேன். போயிட்டு வந்து பில்லு எப்படி வந்துச்சுன்னு போடுறேன்.