புதுப்பிப்பு: கொடைக்கானலில் குதிரை வேலை கற்றுக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது

கண்பார்வை குறைவான கல்லூரி மாணவி நான், குதிரைகளோடு வேலை பழக எங்கே போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஓர் இடத்தில் "உனக்கு எதுக்கும்மா இது" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஏரிக்கரையில் குதிரை வைத்திருக்கும் ஓர் அண்ணன் மட்டும், "விடிகாலையில வா, சவாரிக்கு முன்னாடி சுத்தம் பண்ணலாம்" என்றார்.

குளம்பு சுத்தம் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. தோளில் வைத்த கையை எடுக்காமல் கால்வரை தடவி இறக்கினால் குதிரையே காலைத் தூக்கிக் கொடுக்கிறது. குளம்பில் சிக்கிய அழுக்கை எடுக்கும் கொக்கியைக் குதிகால் பக்கமிருந்து முன்னோக்கி இழுக்க வேண்டும். நடுவில் மெத்தென்றிருக்கும் முக்கோணத்தில் அழுத்தக் கூடாது. சிக்கிய கல் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். குளம்பு சுட்டு, கணுக்காலுக்குப் பின்னால் நாடி பலமாக அடித்தால் அண்ணனைக் கூப்பிடுவேன். இதற்கெல்லாம் கண்ணைவிடக் கைதான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாகத்தான் போகிறேன். சேணத்தின் பக்கிளில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம், மூடுபனியில் அண்ணனுக்கும் அது உதவுகிறதாம்.

அடுத்து, தார் ரோட்டில் குளம்புச் சத்தத்தை வைத்து நொண்டலைக் கண்டுபிடிக்கப் பழகப் போகிறேன். லாடம் அடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லித் தாருங்கள்.