மறு: மார்ஜினுக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

செ:
குழுமத்தாருக்கு வணக்கம். முதுகலை வணிகவியல் வகுப்புக்குப் பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பெறுதி (டெரிவேட்டிவ்) ஒப்பந்தங்களுக்கு மார்ஜினையும் எக்ஸ்விஏவையும் (இடர்களுக்காக ஒப்பந்த மதிப்பில் செய்யும் வேல்யூவேஷன் அட்ஜஸ்ட்மென்ட்களின் பொதுப்பெயர்) கணக்கிட எந்த மென்பொருளைத் தேர்வது என்பது பொருள். காட்டாக எடுத்தது 'ஓப்பன் சோர்ஸ் ரிஸ்க் என்ஜின்'. குவான்ட்லிப் என்ற நிதிக்கணக்கு நிரல்தொகுப்பின் மீது கட்டி 2016இல் வெளியிட்டார்கள். காசில்லை, மூலநிரலையும் திறந்து பார்க்கலாம். இனிஷியல் மார்ஜின் (ஐஎம்), வேரியேஷன் மார்ஜின் (விஎம்), வேல்யூவேஷன் அட்ஜஸ்ட்மென்ட் மூன்றுக்கும் சொல் வேண்டும். 'விளிம்பு' போட்டால் வகுப்பே சிரிக்கும்.

இரா:
விளிம்பு தாளுக்குத்தான். பொருளியலில் நம் பாடநூல் 'இறுதிநிலை' என்கிறது, இலங்கையில் 'எல்லை'. இரண்டும் இங்கே ஒட்டாது. எதிர்த்தரப்பு நொடித்தால் எடுத்துக்கொள்ள முன்கூட்டி இடுவது இது. இடு > ஈடு; கெடு > கேடு போல முதனிலை திரிந்த தொழிற்பெயர். தொடக்க ஈடு, மாறல் ஈடு. அட்ஜஸ்ட்மென்டுக்குச் சரிக்கட்டல். முடிந்தது.

மு:
ஈடு என்றதும் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய திருவாய்மொழி உரையான 'ஈடு' முப்பத்தாறாயிரப்படி நினைவுக்கு வருகிறது. அதற்கு ஏன் ஈடு என்று பெயர்? ஒப்பு என்பார், கவசம் என்பார். படிக்கு 32 எழுத்து, ஆக 11,52,000 எழுத்து...

செ:
ஐயா, வெள்ளிக்கிழமை!

ந (கொழும்பு):
எங்கட பக்கம் ஈடு என்றால் காணியை ஈடு வைக்கிறதுதான். இனிஷியல் மார்ஜினுக்கு அது பொருந்தும். அதைத் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். சிம் (SIMM) என்ற பொதுக் கணிப்பு முறையில், 10 நாளில் வரக்கூடிய இழப்பை 99 வீத நம்பிக்கை மட்டத்தில் கணிக்கிறார்கள். வேரியேஷன் மார்ஜின் அப்படியில்லை. அன்றன்றைய விலைமாற்றத்துக்குக் கைமாறும் காசு அது. இரண்டையும் 'ஈடு' என்றால் பிள்ளைகள் குழம்பும். அட்ஜஸ்ட்மென்டுக்குச் 'சீராக்கம்' போதும். உங்கள் 'சரிக்கட்டல்' யாரையோ காசு கொடுத்து அமர்த்துவது மாதிரிக் கேட்கிறது.

இரா:
சரிக்கட்டு எங்கள் கணக்குப்பதிவியல் நூலில் உள்ள சொல், அம்மா.

க:
வங்கி மென்பொருளில் வேலை செய்பவன் என்ற முறையில்: அலுவலகத்தில் "ஐஎம் போஸ்ட் பண்ணியாச்சா", "விஎம் கால் வந்திருக்கு" தவிர வேறு பேச்சில்லை. மாணவன் திரையில் தேடப்போவதும் அதைத்தான். சீராக்கம், திருத்தம் இரண்டும் பிழைதிருத்தம் போல் ஒலிக்கின்றன. எக்ஸ்விஏ என்பது இடரின் விலை. 2008 நெருக்கடியில் எதிர்த்தரப்புக் கடன் இடரால் வந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, யாரும் நொடிக்காமலே மதிப்பு இறங்கியதால் வந்தது என்று வங்கி மேற்பார்வைக்கான பேசல் குழுவே சொன்னது. அந்தக் கனம் சொல்லில் வர வேண்டாமா?

இரா:
விலை என்றால் விற்பது எது? மதிப்புச் சீராக்கம் என்றே வைப்போம் (ந. அம்மாவுக்கு வெற்றி). கடனுக்குக் கமசீ, நிதிக்கு நிமசீ, மூலதனத்துக்கு மூமசீ.

க:
நிமசீயா? மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

செ:
அனைவருக்கும் நன்றி. எழுதியது இது: தொடக்க ஈடு, அன்றாடத் தீர்வுத்தொகை, மதிப்புச் சீராக்கம். குறுக்கங்கள் ஐஎம், விஎம், எக்ஸ்விஏ என்றே நிற்கும். மூவர் ஒப்பினார்கள், மு. ஐயா இன்னும் திருவாய்மொழியில் இருக்கிறார்.

இரா:
'அன்றாடத் தீர்வுத்தொகை' சொல்லல்ல, விளக்கம். மாறல் ஈட்டை நான் விடுவதாக இல்லை. அத்துடன், 'பெறுதி'யை யார் ஏற்றுக்கொண்டது? வழிப்பொருள் என்று ஒரு சொல் இருக்கிறதே. புது இழை தொடங்குகிறேன்.