14-உம் 18-உம்: லிம்போமா ரிப்போர்ட்டில் உங்களை இன்னும் உறுத்துற தருணம் எது?

ஊர்க்குருவி:
அப்பாவுக்கு ஃபாலிகுலர், நிணநீர் முடிச்சுல வர்ற கேன்சரான லிம்போமாவுல மெதுவா வளர்ற வகை. கவட்டுல கட்டி, பயாப்சி, பெட் ஸ்கேன் எல்லாம் இங்க எல்லாரும் பார்த்ததுதான், விட்டுடறேன். ரிப்போர்ட்ல 14;18 இடமாற்றம்னு ஒரு வரி. டாக்டரம்மா கவரைத் திருப்பிப் போட்டு ரெண்டு குச்சி வரைஞ்சாங்க. எலும்பு மஜ்ஜையில பி செல்ங்கற வெள்ளை அணு வளரும்போது, ஆன்டிபாடி செய்யறதுக்காகத் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டி ஒட்டுமாம். 14-வது குரோமோசோம்ல அந்த வேலை நடக்கறப்ப 18-லயும் வெட்டு விழுந்து, துண்டு மாறி ஒட்டிக்கிச்சு. செல்லைச் சாகவிடாத பி.சி.எல்.2 மரபணு, ஆன்டிபாடி மரபணுவோட ஸ்விட்ச் பக்கத்துல போய் உட்கார்ந்துடுச்சு. பி செல்லுல அந்த ஸ்விட்ச் அணையறதே இல்ல.

"எம் மவனுக்கு வருமா"ன்னு அப்பா கேட்டார். "இல்லங்கய்யா, நீங்க பொறந்ததுக்கு அப்புறம் உங்க ஒரே ஒரு செல்லுல நடந்தது"ன்னாங்க. அதோட விட்டிருக்கலாம். "எத்தனையோ வருஷம் முன்னாடியே நடந்திருக்கும்"னும் சொல்லிட்டாங்க. திரும்பும்போது பஸ்ல அப்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "எந்த நாளா இருக்கும்டா? உன்னை ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கா?"

மருந்து எதுவும் தரல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், அவ்வளவுதான்.

இருட்டறை:
லேப்ல ஃபிஷ் ஸ்லைடு எண்ணற வேலை எனக்கு. 14-லயும் 18-லயும் இருக்கிற அந்த ரெண்டு மரபணுவுக்கும் வேற வேற கலர்ல ஒளிர்ற சாயம் ஏத்திப் பார்க்கற டெஸ்ட் அது. செல்லுக்குள்ள சிவப்பு ரெண்டு, பச்சை ரெண்டு இருந்தா நார்மல். இடம் மாறியிருந்தா ரெண்டும் ஒட்டி மஞ்சளாத் தெரியும். ஒரு நாள் ஸ்லைடு முழுக்க, செல்லுக்கு ரெண்டு மஞ்சள். சாயம் அவ்வளவு சுத்தமாப் பிடிச்சிருந்தது. "சூப்பரா இருக்குல்ல"ன்னு பக்கத்துப் பொண்ணுகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். அடுத்த ஸ்லைடும் அதே ஆளோடது. அதுல மிக் மரபணுவும் உடைஞ்சிருந்தது. ஒண்ணு செல்லைச் சாகவிடாது, இன்னொண்ணு நிக்காம பெருக்கும். அது சூப்பர் இல்ல.

வெளிய வந்தா ஒரு அம்மா மஞ்சப்பையோட நிக்கறாங்க. "நல்லா வந்திருக்காம்மா?" அவங்க யாரோட ஆளுன்னே எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

கரிசல்:
பரம்பரை இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்களைப் பார்த்தா எரிச்சல்தான் வருது. எங்க அம்மாவுக்கும் லிம்போமா, சின்னம்மாவுக்கும் லிம்போமா. அது என்ன தற்செயலா?

இருட்டறை:
கரிசல், ரெண்டும் வேற வேற. அந்த 14;18 ஒட்டு பிள்ளைக்குப் போகாது, டாக்டர் சொன்னது சரி. ரத்த உறவுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும்ங்கறதும் சரி. இன்னொண்ணு, நோயே இல்லாத எத்தனையோ பேரோட ரத்தத்துல தேடினாலும் இதே ஒட்டு கிடைக்குது. அது மட்டும் போதாது. நிணநீர் முடிச்சுக்குள்ள அந்த செல் திரும்பத் திரும்பப் போய், மேல மேல கோளாறு சேரணும்.

கரிசல்:
எங்க அம்மாகிட்ட வந்து 'கொஞ்சம்'னு சொல்லிப் பாருங்க.

ஆறு_சைக்கிள்:
எனக்குக் கழுத்துல கட்டி. டிபின்னு ஆறு மாசம் மாத்திரை. ஒண்ணுக்கு ஆரஞ்சாப் போச்சு, கட்டி கரையல. அப்புறம் டிஎல்பிசிஎல்னு, வேகமா வளர்ற லிம்போமா வகைன்னு கண்டுபிடிச்சு ஆர்-சாப்ங்கற கீமோ ஏத்தினாங்க, சிவப்பாப் போச்சு. அவ்வளவுதான் என் கதை.

ஊர்க்குருவி தம்பி, நீங்க கேட்கல, ஆனாலும் சொல்றேன். ஊசி குத்தி எடுக்கற எஃப்.என்.ஏ.சி.யோட யாரும் நிக்காதீங்க, முடிச்சை முழுசா எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. செல்லு மட்டும் பத்தாது, அது முடிச்சுக்குள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு தெரியணும். பயாப்சிக்கு முன்னாடி ஸ்டீராய்டு வேண்டாம், கட்டி சுருங்கி ரிசல்ட்டைக் குழப்பிடும். பயாப்சி பிளாக்கை, அதான் மெழுகுல பதிச்ச சதைத் துண்டை, வாங்கி வீட்ல பத்திரமா வைங்க, வெயில் படாம. நாளைக்கு ரிட்டுக்ஸிமாப்னு பி செல்லை அழிக்கற மருந்து போடறதா இருந்தா முதல்ல ஹெபடைடிஸ் பி டெஸ்ட். தூங்கிட்டு இருக்கிற வைரஸ் எழுந்துக்கும், ஈரல் போயிடும். கட்டி திடீர்னு வேகமா வளர்ந்தா, ராத்திரி துணி நனையற அளவு வேர்த்தா, மூணு மாசம் காத்திருக்காதீங்க. சித்தப்பா பெரியப்பா 'மருந்தே தரலையா, டாக்டரை மாத்து'ம்பாங்க. மாத்தாதீங்க. எனக்கும் சொன்னாங்க.

வயித்துவலி:
எனக்கு இரைப்பையில மால்ட்ங்கற லிம்போமா. ஹெலிகோபாக்டர் கிருமிக்கு ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக், 11;18 இடமாற்றம் இல்லாததால அதுலயே கரைஞ்சுடும்னாங்க. கரைஞ்சது. மாமனார் மட்டும் இன்னும் நம்பல: "அல்சர் மாத்திரைக்குப் போற கேன்சர் எங்கய்யா இருக்கு?"

ஊர்க்குருவி:
அட்வைஸ் கேட்கல அண்ணா. ஹெபடைடிஸ் டெஸ்ட் மட்டும் குறிச்சுக்கிட்டேன்.

அப்பா இன்னும் நாள் தேடிட்டுத்தான் இருக்கார். நேத்து 1994-ன்னார். ஏன்ப்பான்னு கேட்டேன். "அந்த வருஷம்தான் பீடியை விட்டேன்."