பட்டா மனையில் நிற்கும் ஊர் மரம்: எங்கள் இலுப்பைக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மன்னார்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். தெருமுக்கில் ஒரு இலுப்பை மரம். நானும் தங்கையும் கைகோத்துக் கட்டிப்பிடித்தால் விரல் எட்டாது, அப்பாவையும் சேர்த்துக்கொண்டால்தான் ஒரு சுற்று வரும். தாத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அது பெரிய மரமாம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், நடவு முடித்துத் திரும்புபவர்கள், கீரை விற்கும் ஆயா என எல்லாருக்கும் அதன் அடிதான் இடம்.

பங்குனியில் விடிகாலை போனால் பூ கொட்டிக் கிடக்கும். இலுப்பைப் பூ மற்ற பூ மாதிரி வாடி உதிராது. வெளிர் மஞ்சளில், குண்டு குண்டாக, சதையோடும் ஈரத்தோடும் விழும். வாயில் போட்டால் தித்திப்பு, பின்னாலேயே லேசாக ஒரு புளித்த வாடை. ராத்திரி வௌவால் தின்றதுபோக மீதிதான் எங்களுக்கு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பாட்டி சொல்லும்போது, எங்கள் மரத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அது ஊர்ப்பொது இடத்தில் நிற்கும் மரம் இல்லை. எங்கள் குடும்பத்து மனையில் நிற்கிறது. பாகப்பிரிவினையில் அந்த 6 சென்ட் சித்தப்பாவுக்குப் போனது. பட்டாவும் வரி ரசீதும் அவர் பெயரில்.

2023-ல் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்ட முடிவானது. கொத்தனார் கயிறு பிடித்துப் பார்த்தபோது சமையலறையும் பின்கட்டும் மரத்தின் மேலேயே வந்தன. மர வியாபாரி வந்து அடிமரத்தை அளந்தார். வாசல்நிலைக்கு நல்ல மரம் என்று சொல்லி 38,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவே திரண்டுவிட்டது. "அது ஊர் மரம், நீங்க எப்படி வெட்டலாம்?" என்று சத்தம். நான் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு லீவு போட்டு ஓடினேன். மனு எழுதினது நான்தான். தெருவில் 40 பேரிடம் கையெழுத்து வாங்கினதும் நான்தான். சொந்தச் சித்தப்பா மேல் மனு கொடுக்கிறோமே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வி.ஏ.ஓ. பொறுமையாகத்தான் விளக்கினார். "அம்மா, சந்தனம், தோதகத்தி மாதிரி மரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கு. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே சட்டம் போட்டிருக்காங்க. இது சமவெளியில பட்டா நிலத்து இலுப்பை. வெட்டாதேன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா, மரம் விழுற நிலையில இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரர் வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்தா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆவது பிரிவுல அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம்." எடுக்கச் சொல்ல வழி இருக்கிறது, காப்பாற்ற வழி இல்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

போகும்போது ஒரு செய்தியையும் கையோடு கொண்டுபோனேன். மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலத்துக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில், ஒரு மரத்தின் மதிப்பு வருஷத்துக்கு 74,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு கணக்குப் போட்டிருந்தது. 2021-ல் பேப்பரில் எல்லாம் வந்தது. அதைப் படித்துக் காட்டினேன். சித்தப்பா கேட்டார்: "சரிம்மா, அந்த எழுபத்துநாலாயிரத்தை எனக்கு யார் தருவா? கோர்ட்டா, நம்ம தெருவா?"

எனக்குப் பதில் வரவில்லை. சித்தி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். 2018 நவம்பர் 16, கஜா அடித்த ராத்திரி. ஊரில் தென்னை அத்தனையும் சாய்ந்தும் இலுப்பை நின்றது என்று நாங்கள் இன்றுவரை பெருமையாகச் சொல்கிறோம். மரம் நின்றது சரி, அதன் மேற்குக் கிளை முறிந்து பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் விழுந்து ஒரு பசு செத்தது. அந்தப் பசுவுக்குப் பணம் கொடுத்தது சித்தப்பா. வாங்கிக்கொண்ட வீட்டுக்காரரும் என் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். சித்தி இன்னொன்றும் காட்டினாள்: கூரையில் வரிசை வரிசையாகப் புது ஓடு. வருஷா வருஷம் மாற்றுவது. தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து வாசலில் வௌவால் எச்சத்தைக் கழுவித்தான் கோலம் போட வேண்டும். "உங்க எல்லாருக்கும் நிழல். எனக்கு விளக்குமாறு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மரத்தடியில் நான் பேசினது முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊர் மரம் என்றால் ஊர்தான் செலவைச் சுமக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வெட்டுவதைக் கேட்க நமக்கு வாய் கிடையாது என்றேன். இன்றைக்கும் என் நினைப்பு அதுதான். கொத்தனாரை மறுபடி கூப்பிட்டோம். சமையலறையை முன்பக்கம் கொண்டுவந்து, கழிவுத் தொட்டியைத் தெருவோரம் மாற்றி, பின்பக்கம் 12 அடி மரத்துக்கு விட்டால் கட்டலாம் என்றார். கூடுதல் செலவு 80,000. வியாபாரியின் அட்வான்ஸையும் திருப்பித் தர வேண்டும். மூன்று வாரத்தில் தெருவில் வசூலானது 31,000. நானும் அப்பாவும் 30,000 போட்டோம். மீதி சித்தப்பா தலையில்தான்.

மரம் நிற்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது கிழக்குப் பக்கத்தில் தொடை கனத்துக்கு ஒரு வேரை வெட்ட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அந்தப் பக்கக் கிளையில் இலை குறைந்துதான் துளிர்த்தது. சித்தப்பா என்னோடு பேசுவார், ஆனால் பழைய மாதிரி இல்லை. மனுவில் என் கையெழுத்துத்தான் முதலில் இருந்தது.

உங்கள் ஊரில் என்ன நடந்தது?

பெரம்பூரிலிருந்து

அக்கா, எங்கள் கதை நேர் எதிர். அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்து மனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். பாதிக் கிளை எங்கள் காம்பவுண்டுக்குள். எங்கள் பக்கம் வருவதை வெட்ட எங்களுக்கு உரிமை உண்டு என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு, சுவரோடு சுவராக ஒரு பக்கத்தை மொட்டையடித்துவிட்டோம். எடை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. 2016 டிசம்பர் 12, வர்தா. மதியம் நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் முறியவில்லை, வேரோடு மெதுவாகச் சாய்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர் அப்போது மாடியில் இருந்ததால் பிழைத்தார். உரிமை என்று சொல்லிக் கைதூக்கினவர்களில் நானும் ஒருவன். மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்திருந்தால் நின்றிருக்கும். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

விருதுநகர் பக்கமிருந்து

எங்கள் தாத்தாவுக்கு 2சி பட்டா இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது: நிலம் புறம்போக்கு, மரம் மட்டும் நம்முடையது. ஓடைக்கரையில் அவர் வைத்த 4 புளி. காயை உலுக்கி எடுக்கலாம், மண்ணில் ஒரு பிடிகூடச் சொந்தம் கொண்டாட முடியாது. அப்படி ஒரு உரிமையை முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். நிலமும் மரமும் ஒரே ஆளுக்குத்தான் என்று எப்போதிருந்து ஆனது என்றுதான் எனக்குப் புரியவில்லை. ரோடு அகலப்படுத்தினபோது நான்கும் போய்விட்டன.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, இஞ்சை எங்களுக்குச் சட்டமே இருக்கு. 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூண்டையும் சொந்தக் காணியிலை நிண்டாலும் அனுமதி எடுக்காமல் தறிக்கேலாது. காய்க்கிற மரம் பசிக்குச் சோறு எண்டதுதான் அதுக்குப் பின்னாலை இருக்கிற நினைப்பு. எங்கட வளவிலை கிணத்தடியிலை ஒரு பலா நிண்டது, வேர் கிணத்துக் கட்டை வெடிக்கப் பண்ணிப்போட்டுது. அம்மா கிராம அலுவலரிட்டை போய், பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் நடந்தா. அந்த நாலு நடையிலை அவவுக்கே மனம் மாறி, கிணத்துக் கட்டைத் திருத்திப்போட்டு மரத்தை விட்டிட்டா. ஆனா எல்லாரும் அப்பிடி இல்லை. அலைச்சலுக்குப் பயந்து, இரவோடை இரவாய் அடியிலை பட்டையைச் சுத்தி உரிச்சுவிட்டு, மரம் தானாப் பட்டுப்போச்சு எண்டு சொன்ன ஆக்களையும் எனக்குத் தெரியும்.

நான்தான், மறுபடி

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊரில் பெருங்காயம் வைப்பது நினைவு வந்தது. அடிமரத்தில் துளைபோட்டுப் பெருங்காயத்தைத் திணித்து மண்ணால் மூடிவிட்டால் மரம் பட்டுப்போகும் என்பார்கள். எங்கள் இலுப்பைக்கும் அப்படிச் செய்யச் சொல்லி ஒருவர் சித்தப்பாவுக்கு யோசனை சொன்னாராம். "வெட்டுறதுன்னா பகல்லயே வெட்டுவேன்" என்று அவரை விரட்டிவிட்டாராம். இது எனக்குப் போன மாதம்தான் தெரியும், சித்தி சொன்னாள்.

சட்டம் வேண்டும் என்று எழுதியவர்களுக்கு ஒன்று. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மதுரா-விருந்தாவன் பக்கம் தனியார் நிலத்தில் 454 மரங்களை வெட்டியவருக்கு மரத்துக்கு 1 லட்சம் அபராதம் என்று உறுதி செய்தது. படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். அது தாஜ்மஹாலைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பகுதி, மொத்தமாக வெட்டித் தள்ளிய வழக்கு. ஓட்டு வீட்டை இடித்து மகளுக்கு வீடு கட்டுகிறவரையும் அவரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. சித்தப்பா மாதிரி ஆளுக்கு அபராதத்தைவிட, அந்தப் பசுவுக்கு ஒரு இழப்பீடு, கிளை குறைக்க ஒரு ஆள், வீட்டு வரியில் ஒரு சலுகை என்று பஞ்சாயத்து ஏதாவது செய்திருந்தால் வியாபாரி வந்திருக்கவே மாட்டார்.

மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தெற்குக் கிளையைக் குறைக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். ஆள் கூலி, கயிறு, வண்டி எல்லாம் சேர்த்து 12,000 ஆகுமாம். நான் 3,000 அனுப்பிவிட்டேன். தெருவில் இன்னும் நாலு வீடு தர வேண்டும். பசு வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டார்.