வேலைக்கு வராம நின்னவரு அன்எம்ப்ளாய்மெண்ட் கிளெய்ம் போட்டிருக்காரு, நான் பதில் போடணுமா? (கலிஃபோர்னியா)

ஃப்ரீமாண்ட் டிபன்கடை:
வணக்கம் மக்களே. ஃப்ரீமாண்ட்ல சின்ன டிபன் கடை வச்சிருக்கேன், ஆறு பேரு வேல பாக்கறாங்க. மார்ச்ல யாவாரம் படுத்துட்டதால கிச்சன்ல ஒருத்தருக்கு வாரம் 38 மணி நேரத்த 22 ஆக்குனேன், கொஞ்ச நாள் வந்தாரு, அப்புறம் ஆளக் காணோம், போன் பண்ணா எடுக்கல. இப்ப இடிடில இருந்து (அன்எம்ப்ளாய்மெண்ட் பணம் குடுக்கற கலிஃபோர்னியா ஆபீஸ்) டிஇ 1101சிஇசட்னு ஒரு நோட்டீஸ், வேல இல்லன்னு நிறுத்திட்டாங்கன்னு அவரு போட்டிருக்காராம். நான் எங்க நிறுத்துனேன்? இந்தப் பணம் என் கையில இருந்து போகுமா? இன்னொன்னு, ஃபெடரல் யூஐ (அன்எம்ப்ளாய்மெண்ட் இன்சூரன்ஸ்) டேக்ஸ் வருஷம் ஆளுக்கு 42 டாலர்னு சொல்வாங்களே, 2024க்கு நம்ம கணக்கு பாக்கற சிபிஏ ஆளுக்கு 105 கட்ட வச்சாரு, அது ஏன்?

பேரோல் பக்கிரி:
சார், பதில் கண்டிப்பா போடுங்க. 10 நாள்தான் டைம், அதுவும் உங்க கைக்கு வந்த நாள்ல இருந்து இல்ல, நோட்டீஸ் மேல இருக்கற மெயில் தேதில இருந்து. எந்த தேதில மணி நேரம் குறைச்சீங்க, கடைசியா எப்ப வந்தாரு, எப்பெல்லாம் கூப்பிட்டீங்க, இத மட்டும் எழுதி ஷெட்யூல், டெக்ஸ்ட் மெசேஜ் இருந்தா சேத்து அனுப்புங்க. சோம்பேறி, பேச்சு கேக்க மாட்டான்னு புலம்பல் எல்லாம் வேணாம், அது எடுபடாது. ஆனா ஒன்னு, 38ல இருந்து 22ங்கறது பெரிய வெட்டு, அவரா நின்னாருன்னாலும் நியாயமான காரணம்னு எடுத்துக்க நெறைய வாய்ப்பிருக்கு.

பணம் நேரா உங்க கையில இருந்து போகாது. உங்க பேர்ல இடிடில ரிசர்வ் அக்கவுண்ட்னு ஒன்னு ஓடுது, நீங்க ஸ்டேட்டுக்கு கட்டற யூஐ டேக்ஸ் அதுல ஏறும், பழைய ஆளுங்க வாங்கறது அதுல கழியும், அத வச்சுதான் உங்க ரேட். இப்போதைய ரேட் பட்டியல்ல 1.5ல இருந்து 6.2 சதவீதம், அதுவும் ஒவ்வொருத்தரோட முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டும். எவ்ளோ மோசமாப் போனாலும் ஆளுக்கு வருஷம் 434 டாலர், இதுக்குப் போயி வக்கீல் எல்லாம் புடிக்காதீங்க.

105 கதை வேற. கோவிட் டைம்ல கலிஃபோர்னியா ஃபெடரல்கிட்ட சுமார் 2,000 கோடி டாலர் கடன் வாங்குச்சு, இன்னும் அடைக்கல. ஃபெடரல் ரேட்டும் முதல் 7,000 டாலருக்குத்தான், 6 சதவீதம், அதுல 5.4 தள்ளுபடி போனா 0.6, அதான் அந்த 42. கடன் பாக்கி வச்சிருக்கற ஸ்டேட்டுக்கு தள்ளுபடில வருஷா வருஷம் 0.3 வெட்டுவாங்க. 2022ல ஆரம்பிச்சு 2024ல 0.9 ஆச்சு, மொத்தம் 1.5, அப்ப 105. 2025லயும் அடைக்கல, அதனால அந்த வருஷத்துக்கு 126. கடன் வாங்குனது சாக்ரமெண்டோ, கட்டறது இட்லிக் கடை!

சன்னிவேல் அக்கா:
நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசறேன் அண்ணா, போன வருஷம் லேஆஃப் ஆனவ. யூஐ வாரத்துக்கு மேக்ஸிமம் 450 டாலர், பே ஏரியா வாடகைல பாதிக்கே திணறும், அதுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வேல தேடுனியா, சம்பாதிச்சியான்னு ஒவ்வொரு கேள்வியா டிக் பண்ணி சர்டிஃபை பண்ணணும். பே ஸ்டப்ல எஸ்டிஐன்னு புடிக்கறாங்கல்ல, அதப் பாத்துட்டு யூஐ என் காசுதானேன்னு நெனைக்கறவங்க உண்டு, அது உடம்பு முடியாதப்ப, கொழந்த பொறந்தப்ப வர்ற காசு, யூஐ முழுசா முதலாளி கட்டறது. மணி நேரம் குறைஞ்சப்பவே பார்ஷியலா கிளெய்ம் போடலாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா அவரு அங்கயே இருந்திருப்பாரோ என்னமோ.

ஃப்ரீமாண்ட் டிபன்கடை:
அது எனக்கே தெரியாதேம்மா. பக்கிரி சார், அவரு என்கிட்ட சேந்ததே போன நவம்பர்லதான், அதுக்கு முன்ன வேற ஓட்டல். நோட்டீஸ்ல கிளெய்ம் போட்ட தேதி ஏப்ரல் மொத வாரம்.

பேரோல் பக்கிரி:
அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா. ஏப்ரல்ல போட்ட கிளெய்முக்கு போன வருஷம் ஜனவரி டு டிசம்பர் சம்பளம்தான் கணக்கு. உங்ககிட்ட வாங்குனது அதுல ரெண்டு மாசம், மீதி சார்ஜ் அந்த ஓட்டல் அக்கவுண்ட்ல போகும். ஆனா பதில் போடாம விட்றாதீங்க, கடைசி முதலாளி நீங்கதான். இனிமே குறைக்கறதா இருந்தா ஒருத்தர மட்டும் வெட்டாம இடிடியோட ஒர்க் ஷேரிங் திட்டத்தப் பாருங்க, குறைஞ்சது ரெண்டு பேருக்கு மணி நேரத்த 10ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம், குறைஞ்ச அளவுக்கு இடிடி கொஞ்சம் குடுக்கும், முன்கூட்டியே அப்ளை பண்ணணும்.

ஃப்ரீமாண்ட் டிபன்கடை:
சரி சார், ஷெட்யூல் ஷீட்ட போட்டோ எடுத்து இன்னிக்கு நைட்டே அனுப்பிடறேன். ஒர்க் ஷேரிங் பத்தி சிபிஏகிட்டயும் கேக்கறேன்.