மறு: ‘பிளண்ட்’ என்பதற்கு ஒரே சொல் போதுமா?

கலைச்சொல் குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கூர் இல்லாததைக் குறிக்கும் ‘பிளண்ட்’ (blunt) என்னும் ஆங்கிலச் சொல்லை எல்லாத் துறைகளிலும் ‘மழுங்கல்’ என்றே ஆள்வோம் என்ற கருத்துக்கு இவ்விழையில் பெரும்பாலோர் இசைந்திருக்கிறார்கள். நீதிமன்ற ஆவணங்களையும் பிணக்கூறாய்வு அறிக்கைகளையும் தமிழாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் இதற்கு உடன்பட இயலவில்லை. ‘மழுங்கல்’ நல்ல சொல்தான். ஆனால் அது பாதி இடங்களுக்கே பொருந்தும். மீதி இடங்களில் அதைப் புகுத்தினால், எழுதியவர் ஒன்றை நினைக்க, படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

‘மழுங்கு’ என்பது ஒரு மாற்றத்தைச் சொல்லும் வினை. முன்பு கூர் இருந்தது, பின்னர் அது போயிற்று என்னும் செய்தி அவ்வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கத்தி மழுங்கும், உளி மழுங்கும், ஒளியும் அறிவும்கூட மழுங்கும். உருட்டுக்கட்டை மழுங்குவதில்லை, ஏனென்றால் அதற்கு எந்நாளும் கூர் இருந்ததில்லை. ஆங்கிலச் சொல் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. தேய்ந்துபோன கத்தியும் அதற்குப் பிளண்ட், செங்கல்லும் பிளண்ட். நம் மொழி பிரித்துப் பார்க்கும் ஒன்றை ஆங்கிலம் பிரிக்கவில்லை என்பதற்காக நாமும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. ‘மழுங்கிய ஆயுதத்தால் தாக்கியதில் ஏற்பட்ட காயம்’ என்று ஓர் அறிக்கையின் தமிழாக்கத்தில் இருந்தால், வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ அதைப் படிக்கும் ஒருவர், கூர் போன கத்தியோ அரிவாளோ கைப்பற்றப்பட்டிருக்கிறது என்றே எண்ணுவார். மருத்துவர் குறித்ததோ கல், கட்டை, இரும்புக் குழாய், சுவர், தரை ஆகியவற்றுள் ஏதோ ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு, சுடுவதற்கும் குத்துவதற்கும் வெட்டுவதற்கும் உரிய கருவிகளை ஒருபுறமும், தாக்குவதற்குப் பயன்படுத்தினால் மரணம் விளையக்கூடிய ஏனைய கருவிகளை மறுபுறமும் வைத்துப் பேசுகிறது. மழுங்கினாலும் அரிவாள் வெட்டுவதற்கென்று செய்யப்பட்ட கருவியே, கட்டை அப்படியன்று. ஒரு பெயரடையால் கட்டையை அரிவாளின் வரிசையில் உட்கார வைப்பது மொழிபெயர்ப்பாளருக்கு உரிய வேலை இல்லை.

ஆகவே ‘பிளண்ட் இன்ஜுரி’ என்னும் காயத்துக்குரிய கலைச்சொல்லை முதலில் தீர்ப்போம். தமிழ் காயத்துக்குப் பெயரிடும்போது பெரும்பாலும் கருவியைப் பார்ப்பதில்லை, செயலையே பார்க்கிறது. வெட்டுக்காயம், குத்துக்காயம், கிழிகாயம், சிராய்ப்பு, கன்றல் என்ற வரிசையில் கருவியின் பெயர் ஒன்றுகூட இல்லை. தடயவியல் மருத்துவரும் அவ்வாறுதான் ஆராய்கிறார். தலையில் கட்டையடி பட்டால், அடியில் எலும்பு இருப்பதால், தோல் நேர்க்கோடாகப் பிளந்து கத்தி வெட்டைப் போலவே தோன்றக்கூடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் விளிம்புகள் நைந்தும் கன்றியும் இருக்கும். பிளவின் குறுக்கே நரம்பிழைகளும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் அறுபடாமல் பாலமிட்டு நிற்கும். வெட்டில் அவை துண்டிக்கப்பட்டிருக்கும். தசை நைந்ததா, அறுந்ததா என்பதுதான் கேள்வி. தாக்கிய பொருளின் கூர்மை பின்னர் ஊகித்தறிவது.

இவ்விடத்துக்கு ‘மொத்துக்காயம்’ என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ‘மொத்து’ உயிருள்ள வினைதான். எங்கள் பகுதியில் ‘மொத்து மொத்துன்னு மொத்திட்டாங்க’ என்பதற்கு விளக்கவுரை யாருக்கும் தேவைப்படாது. ஆனால் மொத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி உரசிக் கீழே விழுந்தவரின் மருத்துவச் சான்றில் ‘மொத்துக்காயம்’ என்று எழுதினால், அது அடிதடி வழக்கா என்று காப்பீட்டுக்காரர் கேட்பார். பொருள் வந்து உடலில் மோதியதா, உடல் போய்ப் பொருளில் மோதியதா என்பதைக் காயம் மட்டும் சொல்லிவிடாது. சொல்லும் அதை முடிவு செய்துவிடக் கூடாது. எனவே ‘மோதுகாயம்’ என்பதை என் முன்மொழிவாக வைக்கிறேன். காயத்தை விளைவிக்கும் விசை ‘மோதுவிசை’; பொருளைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ‘கூரற்ற பொருள்’.

‘ஊமைக்காயம்’ என்னும் அழகிய பழஞ்சொல்லை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். விடவில்லை, அதற்குரிய இடத்தில் வைக்கவே விரும்புகிறேன். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி வயிற்றில் இடித்து, வெளியே சிறு கன்றல்கூட இல்லாமல், உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நிலைதான் ஊமைக்காயம். வாய் திறவாத காயம் என்பது பொருள். எல்லா மோதுகாயங்களும் ஊமையல்ல. மண்டை பிளந்து இரத்தம் கொட்டும் மோதுகாயங்களும் உண்டு. ஆகையால் மோதுகாயம் வகை, ஊமைக்காயம் அதன் உட்பிரிவு.

இனி, கூர் இல்லாமலே செய்யப்பட்ட கருவிகள். கட்டுத்துணியை வெட்டும் கத்தரிக்கோலின் ஓர் அலகின் நுனி, தோலைக் குத்திவிடாதபடி, உருட்டி அமைக்கப்பட்டிருக்கும். தசையையும் தசையுறையையும் தைப்பதற்கென, மருத்துவர் கையுறையில் எளிதாகக் குத்தாத நுனியுடைய தையல் ஊசிகளும் உண்டு. இவற்றை ‘மழுங்கிய ஊசி’ என்று இருப்புப் பதிவேட்டில் எழுதிப் பாருங்கள். கெட்டுப்போன ஊசியை ஏன் இன்னும் கழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் தணிக்கையாளர் கேட்பார். இங்கே ‘மொட்டை’ என்னும் அடை பொருந்தும் என்பது என் கருத்து: மொட்டைமுனை ஊசி, மொட்டைமுனைக் கத்தரிக்கோல். மொட்டைமாடி, மொட்டைக் கடிதம், மொட்டைக் கோபுரம் ஆகிய எல்லாவற்றிலும், மேலேயோ முடிவிலோ வழக்கமாக இருக்கவேண்டிய ஒன்று இல்லை என்பதுதான் பொதுப் பொருள். அது தேய்ந்து போயிற்றா, தொடக்கத்திலிருந்தே வைக்கப்படவில்லையா என்று மொட்டை சொல்வதில்லை. மொட்டைமாடியின் கூரையை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை.

மருத்துவர் அம்மையார் கேட்டிருந்த ‘பிளண்ட் டிசெக்சன்’ என்னும் அறுவைச் சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கத்தியைப் பயன்படுத்தாமல், விரலாலோ துணிச்சுருளாலோ மூடிய இடுக்கியாலோ திசுக்களை அவற்றின் இயல்பான இடைவெளி வழியே விலக்கிக்கொண்டு போகும் முறையை ‘மழுங்கல் வெட்டு’ என்று ஒரு பட்டியலில் கண்டேன். அதில் மழுங்கலும் இல்லை, வெட்டும் இல்லை. பலாப்பழத்தைப் பிளந்த பிறகு சுளையைச் சடையிலிருந்து விரலால் பிரிப்பதைப் போன்ற செயல் அது. ‘விலக்குப் பிரிப்பு’ என்றும், கத்தியால் செய்வதை ‘வெட்டுப் பிரிப்பு’ என்றும் வழங்கினால் இரண்டும் இணையாக நிற்கும்.

‘மொக்கை’யைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் அதனைக் கொச்சை என்று இங்கே ஒருவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். இன்று இளைஞர்கள் சுவையற்ற பேச்சை மொக்கை என்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பட்டறைகளில் அச்சொல்லின் தொழிற்பொருள் இன்னும் மாறவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டித் தருபவர் கத்தி மொக்கை என்றால், வஞ்சிரத்தின் முள்ளில் அது இறங்கவில்லை என்று பொருள். மண்ணடிப் பக்கத்து லேத் பட்டறையில் டூல் மொக்கையாகிவிட்டது என்றால் சாணை பிடிக்க வேண்டும் என்று பொருள். பென்சில் மொக்கை என்று சொல்லாத பள்ளிப்பிள்ளை உண்டா? நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் இச்சொல் இன்று உதவாது. இறந்தவரைப் பற்றிய அறிக்கையில் சிரிப்பை வரவழைக்கும் சொல் இருக்கக் கூடாது. ஆனால் தொழிற்பயிற்சி நூல்களில் ‘மழுங்கல்’ என்பதற்கு அருகிலேயே ‘மொக்கை’யையும் கொடுப்பதில் என்ன இழுக்கு வந்துவிடும்? பயிற்சி முடித்துப் பட்டறைக்குப் போகும் பையன் அங்கே கேட்கப்போவது அதைத்தான்.

இயந்திரவியலில் மற்றொரு பிரிவும் தேவைப்படுகிறது. விளிம்பின் கூரும் முனையின் கூரும் வேறு வேறு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், பீலி அணிந்து நெய் பூசிப் பளபளக்கும் அவனுடைய படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, தம் மன்னனுடையவை ‘கோடு நுதி சிதைந்து’ கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். பக்கத்தையும் நுனியையும் அந்தப் புறநானூற்றுப் பாட்டு தனித்தனியே எண்ணுகிறது. தொண்டை நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை எடுத்துக்காட்டுவது சற்றுச் சங்கடந்தான் என்றாலும், பாகுபாடு நமக்கு வேண்டியதே. கத்திக்கும் கடைசல் உளிக்கும் (லேத் டூல்) ‘விளிம்பு மழுங்கல்’, ஊசிக்கும் குறியிடும் முள்ளுக்கும் ‘முனை மழுங்கல்’ என்று பிரித்துக்கொள்ளலாம். கடைசல் உளியின் பக்கத் தேய்வு சராசரியாக 0.3 மில்லிமீட்டரை எட்டினால் அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது பன்னாட்டுத் தர அளவுகோல்களுள் ஒன்று. இங்கு மழுங்கல் என்பது அளந்து சொல்லும் ஒரு நிலை. இத்தகைய இடங்களில் ‘மழுங்கல்’ என்பதற்கு மாற்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

‘பிளண்ட் பாடி’ என்று சொல்லப்படும் விண்வெளித் துறையில் நிலைமை நேர்மாறானது. மிகுந்த விரைவோடு வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும் கலத்துக்குக் கூரிய மூக்கு இருந்தால், அதிர்ச்சி அலை மூக்கோடு ஒட்டி நின்று வெப்பத்தைக் கலத்தின் மேலேயே இறக்கும். அகன்று உருண்ட முகப்பு இருந்தால், அலை சற்று விலகி முன்னே நிற்க, வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலன் கண்டறிந்த உண்மை இது. 2014 டிசம்பரில் இஸ்ரோ அனுப்பி, வங்கக் கடலில் இறங்கி, மீட்கப்பட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஆளில்லாக் கலமும் இவ்வடிவத்தைச் சேர்ந்ததே. அதை ‘மழுங்கிய கலம்’ என்றால், வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு ஒரு பழுதைப் போல ஒலிக்கும். ‘மொட்டைமுகப்புக் கலம்’ என்பதில் அக்குறை இல்லை. செவிக்குச் சற்றுக் கரடுமுரடாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆங்கில உருவகத்தைக் கைவிடத் தயங்குவோர், பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 90 பாகைக்கு மேற்பட்ட கோணத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ‘அப்டியூஸ்’ (obtuse) என்னும் பெயரின் இலத்தீன் வேர்ப்பொருள் ‘மழுங்கியது’ என்பதுதான். நம் பாடநூலார் அதைப் பின்பற்றி ‘மழுங்குகோணம்’ என்று எழுதவில்லை. கோணத்தையே பார்த்து ‘விரிகோணம்’ என்றார்கள்.

உளமருத்துவத்தில் மனச்சிதைவு நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக வரும் ‘பிளண்டட் அஃபெக்ட்’ என்னும் தொடரை ‘உணர்ச்சி மழுங்கல்’ என்று எழுதுகிறார்கள். அதில் ‘மழுங்கல்’ சரி. முன்பு இருந்தது குறைந்ததைத்தான் அது சொல்கிறது. ‘உணர்ச்சி’தான் தவறு. முகபாவமும் குரலின் ஏற்ற இறக்கமும் கையசைவும் குறைந்திருக்கின்றன என்பதே மருத்துவர் காண்பது; உள்ளே உணர்ச்சி வற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. முகத்தில் எதுவும் தெரியாத நோயாளி, கேட்டால், மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியும் துயரமும் உணர்வதாகச் சொல்வதுண்டு. ‘அவனுக்கு ஒரு உணர்ச்சியும் இல்லை’ என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுவதற்கு நம் கலைச்சொல்லும் துணைபோகக் கூடாது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவதற்குத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்து, அதற்கென ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. ‘மெய்ப்பாட்டு மழுக்கம்’ என்போம். அறவே இல்லாத நிலைக்கு ‘மெய்ப்பாடின்மை’ என்போம்.

ஆளின் பேச்சைக் குறிக்கும் பிளண்டுக்குக் கலைச்சொல் எதுவும் வேண்டாம். ஆங்கிலம் கூரின்மையால் சொல்வதைத் தமிழ் வெட்டினால் சொல்கிறது: வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பாராட்டாக வந்தால் ஒளிவுமறைவின்றி என்றும், குறையாக வந்தால் எடுத்தெறிந்து பேசினார் என்றும், இரண்டுமில்லாமல் வந்தால் முகத்துக்கு நேரே சொன்னார் என்றும் இடம் பார்த்து எழுதவேண்டியதுதான். பொருளியல் கட்டுரைகளில் வட்டி வீதத்தை ‘மழுங்கிய ஆயுதம்’ என்கிறார்கள். வீட்டுக்கடன் வாங்கியவரையும் தொழிற்சாலை நடத்துபவரையும் வேறுபாடின்றித் தாக்கும் என்பதே கருத்தாகையால் ‘பொத்தாம்பொதுவான கருவி’ போதும். அழகு நிலையத்து முடிவெட்டு பிளண்ட் கட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சோவியத் உளவாளி என்று 1979இல் வெளிப்பட்ட கலை வரலாற்றாசிரியர் ஆன்டனி பிளண்ட்டையாவது மழுங்கலாக்காமல் விட்டுவிடுமாறு இயந்திர மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுப்பு வராவிட்டால் ‘மோதுகாயம்’, ‘மோதுவிசை’, ‘மொட்டைமுனை’, ‘மெய்ப்பாட்டு மழுக்கம்’ ஆகிய நான்கையும் குழுமப் பட்டியலில் சேர்த்துவிடலாம். ‘விலக்குப் பிரிப்பு’ அறுவை அரங்கின் அவசரத்தில் சொல்ல வசதியாக இருக்குமா என்பதை மருத்துவர் அம்மையார்தான் சொல்லவேண்டும். நீளம் என்று அவர் கருதினால் ‘விலக்கல்’ என்று சுருக்குவதில் எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து